அந்தப் பேக்பைப்புக்கு எத்தனை வயது?

நண்பர் ஒருவர் அனுப்பிய கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: கோதிக் என்ற பழைய ஜெர்மன் கணினி விளையாட்டின் காணொளி ஒன்றில், சிறைமுகாமின் நடுவே ஒரு குழு பேக்பைப்பும் (காற்று நிரப்பிய தோல்பையில் குழல்கள் பொருத்திய ஊதுகருவி) மின்கித்தாரும் வைத்துக்கொண்டு பாடுவதை அவர் பார்த்திருக்கிறார். தேடிப் பார்த்ததில் அது இன் எக்ஸ்ட்ரீமோ என்ற உண்மையான குழு என்று தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் இடைவிடாமல் கேட்டுவிட்டு, 'இவர்கள் வாசிப்பது உண்மையிலேயே இடைக்கால இசையா, அல்லது தோலாடை போட்டுக்கொண்ட ராக் இசையா? எப்படியிருந்தாலும், இவ்வளவு பழைய கருவி இவ்வளவு இரைச்சலான கித்தாரோடு எப்படி ஒட்டுகிறது?' என்று கேட்டிருக்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று வரலாறு பற்றியது, மற்றொன்று ஒலி பற்றியது. இரண்டாவதுதான் என் பிழைப்பு. பதினான்கு ஆண்டுகளாக ஜெர்மனியில் மேடை ஒலியமைப்பு வேலை செய்கிறேன்; அதில் கணிசமான பகுதி கோட்டை முற்றங்களிலும், இடைக்கால வேடம் போட்டு நடத்தும் 'இடைக்காலச் சந்தை'களிலும் கழிந்தது. வரலாற்றைப் பொறுத்தவரை நான் ஆர்வலன் மட்டுமே. சுவடிகளை நேரடியாகப் படிக்கும் படிப்பு எனக்குக் கிடையாது. அறிஞர்கள் சொன்னதை நம்பித்தான் அந்தப் பகுதியை எழுதுகிறேன்.

முதலில் நண்பரின் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் ஓர் அனுமானத்தை எடுத்து வெளியே வைத்துவிடுகிறேன். பேக்பைப் பழையது, கித்தார் புதியது என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். எல்லோரும் அப்படித்தான் நினைப்போம், நானும் நினைத்தேன். ஆனால் இந்தக் குழுக்களின் கையில் இருக்கும் பேக்பைப்பைப் பார்த்தால் கதை வேறு. அதன் ஜெர்மன் பெயர் மார்க்ட்சாக்ப்ஃபைஃபே. சந்தைப் பேக்பைப் என்று பொருள். இந்த வடிவத்தில் அது தோன்றியது 1980களில், அதுவும் கிழக்கு ஜெர்மனியில். மின்கித்தார் 1930களிலிருந்து விற்பனையில் இருக்கிறது. ஆக, மேடையில் நிற்கும் இரண்டில் கித்தார்தான் மூத்தது.

எப்படி நடந்தது இது? இடைக்காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பேக்பைப் இருந்தது என்பதில் ஐயமில்லை. 13ஆம் நூற்றாண்டில் காஸ்தீல் அரசர் பத்தாம் அல்போன்சோ தொகுப்பித்த மரியன்னைப் பாடல் சுவடிகளின் ஓவியங்களில் வகைவகையான பேக்பைப்புகள் இருக்கின்றன. ஆல்பிரெக்ட் டூரர் 1514இல் மரத்தில் சாய்ந்து நிற்கும் ஒரு பேக்பைப்காரனைச் செப்புத் தகட்டில் செதுக்கி வைத்திருக்கிறார். ஹிரோனிமுஸ் போஷ் தன் நரகக் காட்சியில் பேக்பைப்பையும், ஹர்டி கர்டி என்ற சக்கரம் சுழற்றி வாசிக்கும் தந்திக் கருவியையும் வரைந்திருக்கிறார். மாட்ரிட் நகரில் பிராடோ அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அதன் முன்னால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆனால் படத்தை வைத்து ஊத முடியாது. தோல் மக்கிவிடும், சீவாளி நெடுநாள் தாங்காது. மண்ணுக்கடியில் கிடைப்பவை குழல் துண்டுகளே. துளைகளின் உட்சரிவு, சீவாளியின் அகலம், சுருதி ஆகியவற்றில் ஒரு மயிரிழை மாறினாலும் ஒலி வேறாகிவிடும் என்பது நாகசுரம் கேட்டு வளர்ந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கிழக்கு ஜெர்மன் கைவினைஞர்கள் முன்னால் இருந்தது ஜெர்மன் இசையமைப்பாளர் மிகாயேல் பிரேட்டோரியுஸ் 1619இல் வெளியிட்ட கருவியியல் நூலும் அதன் படத்தகடுகளும். அதில் பெரிய ஆட்டுக்கிடாய் பேக்பைப், இடையர் பேக்பைப், சிறிய ஹ்யூமல்ஹென் என்று வரிசையாக அளவுகோலோடு வரைந்திருக்கிறார். (1619 என்பது முப்பதாண்டுப் போர் தொடங்கிய மறு ஆண்டு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் அது இடைக்காலம் ஆகாது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.) தோற்றத்தைப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள்: தடித்த குழல்கள், அகன்ற வாய், சில நேரம் ஆட்டுக்கொம்பு. உள்ளே வாசிப்புக் குழலுக்கு ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பேக்பைப்பின் குழல்தான் முன்மாதிரி. கூம்பு வடிவத் துளை, இரட்டைச் சீவாளி, ஒன்பதே சுரங்கள், காதைப் பிளக்கும் ஒலி எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஒரு முக்கியமான மாற்றம் செய்தார்கள். மலைநாட்டுப் பேக்பைப்பின் சுரவரிசை நம் கணக்கில் ஹரிகாம்போதி. ஜெர்மானியர்கள் அதன் அந்தர காந்தாரத்தைச் சாதாரண காந்தாரமாக இறக்கினார்கள். உடனே அது கரஹரப்ரியாவின் சுரவரிசை ஆகிவிட்டது. தைவதத்தையும் குறைத்தால் நடபைரவி. மேற்கத்திய காதுக்கு இது 'மைனர்', அதாவது இருண்ட, பழமையான, கொஞ்சம் அச்சமூட்டும் நிறம். ஸ்காட்லாந்து அணிவகுப்பின் மிடுக்கு போய், கோட்டைச் சுவரின் ஈரம் வந்துவிட்டது. மெட்டல் என்ற கனத்த, இரைச்சலான ராக் இசையும் அதே நிறத்தில்தான் பெரும்பாலும் வாழ்கிறது. பின்னால் நடக்கப்போகும் கல்யாணத்துக்கு நிச்சயதார்த்தம் அப்போதே முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

ஏன் கிழக்கு ஜெர்மனி? இதைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். கருத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள். போருக்குப் பிறகு ஜெர்மானிய இளைஞர்களுக்கு நாட்டுப்பாடல் என்றாலே கசந்தது. நாஜிகள் அவற்றைப் பாடிப் பாடி அழுக்காக்கியிருந்தார்கள். மேற்கில் 1964 முதல் புர்க் வால்டெக் என்ற கோட்டை இடிபாட்டில் நடந்த பாடல் விழாக்கள் அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் உடைத்தன. ஹாம்புர்க் நகரில் 1970இல் தொடங்கிய ஔகென்வைடே என்ற குழு பழைய ஜெர்மன் செய்யுள்களுக்கு ராக் மெட்டமைத்தது. ஐந்நூறு, எழுநூறு ஆண்டு பின்னால் போய்விட்டால் அண்மைக் காலத்தின் கறை படியாத ஒரு ஜெர்மன் மொழி கிடைக்கும் என்ற ஆசை அதில் இருந்திருக்கலாம். கிழக்கில் இன்னொரு காரணமும் இருந்தது. அங்கே பொது மேடையில் வாசிக்க, அரசு அமைத்த குழுவின் முன் வாசித்துக் காட்டித் தரமும் உரிமமும் வாங்க வேண்டும். ஊர் ஊராகத் திரியும் இடைக்காலப் பாணன் என்ற வேடம் அந்தச் சூழலில் வெறும் வேடமாக இருந்திருக்காது. சந்தையில் நின்று பேக்பைப் ஊதி, தொப்பியில் காசு வாங்கி, அடுத்த ஊருக்குப் போவது ஒரு வகைச் சுதந்திரம். லைப்சிக் அருகே ஒரு மாலையில், மேடைக்குப் பின்னால் குளிரில் நின்றுகொண்டிருந்த முதிய பேக்பைப்காரர் ஒருவரிடம் அந்தக் காலம் பற்றிக் கேட்டேன். 'எங்களுக்கு ஊர் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். இடைக்காலம் பற்றி அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்றார்.

பெர்லின் சுவர் விழுந்த காலத்தில் கூட்டம் கூடியது. கோர்வுஸ் கோராக்ஸ் 1989இல் தொடங்கியது; பேக்பைப்பையும் பறை போன்ற பெருமுரசுகளையும் முதன்மையாகக் கொண்ட குழு அது. போட்ஸ்டாம் நகரத்தின் சப்வே டு சாலி 1994இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடியது. அடுத்த ஆண்டே ஜெர்மனுக்கு மாறியது. அதன் பிறகுதான் அவர்களுக்குத் தங்கள் குரல் கிடைத்தது என்பேன். பெர்லினின் இன் எக்ஸ்ட்ரீமோ 1990களின் நடுவில் உருவாகி, முதலில் சந்தைகளில் மின்சாரமில்லாமலும், பிறகு கித்தார் சேர்த்தும் வாசித்தது. 1998இல் 'இறந்தோரை எழுப்புங்கள்', 1999இல் 'போற்றப்பட்டும் காறி உமிழப்பட்டும்' என்று பொருள்படும் இசைத்தட்டுகள் வந்தன. கோர்வுஸ் கோராக்ஸ் ஆட்களே டான்ஸ்வூட் என்ற பெயரில் தனியே மின்னிசையோடு கலந்தார்கள். தெற்கிலிருந்து ஷாண்ட்மவுல், கார்ல்ஸ்ரூவே பக்கமிருந்து சல்தாட்சியோ மோர்ட்டிஸ் என்று அடுத்த அலை வந்தது. 2008ஐ நான் ஓர் எல்லைக்கல்லாக வைத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டு ஜெர்மன் மாநிலங்களுக்கிடையே தொலைக்காட்சியில் நடந்த பாடல் போட்டியில் பிராண்டன்புர்க் சார்பில் சப்வே டு சாலி வென்றது. இன் எக்ஸ்ட்ரீமோவின் இசைத்தட்டு ஜெர்மன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒதுக்குப்புறச் சந்தையில் ஊதியவர்கள் வரவேற்பறைக்குள் வந்துவிட்டார்கள்.

இவர்களைப் 'ஃபோக் மெட்டல்' என்று வெளிநாட்டார் சொல்வார்கள். ஜெர்மனியில் 'இடைக்கால ராக்' அல்லது 'இடைக்கால மெட்டல்' என்றுதான் பெயர். இது வெறும் பெயர் வேறுபாடு அல்ல. ஃபின்லாந்தின் ஃபோக் மெட்டல் குழுக்கள் இன்றும் உயிரோடிருக்கும் கிராமத்து நடன இசையிலிருந்து எடுக்கின்றன. பலர் தொண்டையைக் கீறிக்கொண்டு உறுமிப் பாடுவார்கள். ஜெர்மன் குழுக்களில் சொல் தெளிவாகக் கேட்கும். கேட்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட வரிகள் அவை. கதை சொல்லும் பாடல்கள்.

சரி, பாடல்கள் பழையவையா? இங்கேதான் நிச்சயத்தையும் ஐயத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உறுதியான நிலத்தில் தொடங்குகிறேன். வால்டர் ஃபோன் டெர் ஃபோகல்வைடே என்ற கவிஞர் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய பாலஸ்தீனப் பாடலுக்குச் சொல்லும் இருக்கிறது, மெட்டும் இருக்கிறது. ம்யூன்ஸ்டர் நகரில் 1910இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு சுவடித் துண்டில் அந்த மெட்டு கோடுகளின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. ஜெர்மன் காதல் கவிஞர்களின் மிகப் புகழ்பெற்ற தொகுப்பான மானெஸ்ஸே சுவடியில் 137 முழுப்பக்க ஓவியங்கள் உண்டு. ஆனால் ஒரே ஒரு சுரக்குறிகூடக் கிடையாது. அந்தப் பின்னணியில் பார்த்தால் ம்யூன்ஸ்டர் துண்டு எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று புரியும். இன் எக்ஸ்ட்ரீமோ உட்பட இந்த வட்டாரத்தில் ஏறக்குறைய எல்லோரும் அந்தப் பாடலை வாசித்திருப்பது இதனால்தான். ஆனாலும் அதில் தாளம் எழுதப்படவில்லை. எந்தச் சுரம் எவ்வளவு நேரம் என்பது பற்றி அறிஞர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். டிரம் விழும் ஒவ்வோர் இடமும் இன்றைய வாசிப்பாளரின் முடிவு.

அடுத்து கார்மினா புரானா. பவேரியாவில் பெனடிக்ட்பாய்ர்ன் மடத்தில் 1803இல் கிடைத்த, சுமார் 1230ஆம் ஆண்டுச் சுவடி. இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் அதே பெயரில் 1937இல் அரங்கேற்றிய புகழ்பெற்ற இசை அவருடைய சொந்தக் கற்பனை; சுவடியின் மெட்டு அல்ல. சுவடியில் சில பாடல்களுக்கு மேலே சிறு சிறு கீற்றுகள் போட்டிருக்கிறார்கள். மேலே ஏறு, கீழே இறங்கு என்று கையால் காட்டுவது போன்ற குறிப்பு அது. எவ்வளவு ஏற வேண்டும் என்று அது சொல்லாது. பாட்டு ஏற்கெனவே தெரிந்தவனுக்கு நினைவூட்டல், தெரியாதவனுக்கு புதிர். அதே பாடல் வேறு சுவடியில் கோடுகளோடு கிடைத்தால் மீட்கலாம், இல்லையென்றால் ஊகம்தான். இன் எக்ஸ்ட்ரீமோ 2001இல் வெளியிட்ட இசைத்தட்டில் அந்தச் சுவடியின் 'ஸ்டேடிட் புவெல்லா'வும் 'ஓம்னியா சோல் டெம்பெராட்'டும் இருக்கின்றன. சொல்லைப் பழையது என்று நம்பிக் கேட்கலாம். மெட்டு விஷயத்தில் அவ்வளவு உறுதி வேண்டாம்.

மெர்செபுர்க் மந்திரங்கள் இன்னும் சுவையானவை. 10ஆம் நூற்றாண்டில் ஒரு சமயச் சுவடியின் வெற்றுப் பக்கத்தில் யாரோ எழுதி வைத்த, கிறிஸ்துவத்துக்கு முந்தைய தெய்வங்களை அழைக்கும் இரண்டு மந்திரங்கள். ஒன்று கைதியின் கட்டை அவிழ்ப்பதற்கு, மற்றொன்று குதிரையின் சுளுக்கிய காலைச் சரிசெய்வதற்கு. 1841இல் மெர்செபுர்க் பேராலய நூலகத்தில் கண்டுபிடிக்கப்பட்டன. மறு ஆண்டு யாக்கோப் கிரிம் வெளியிட்டார். ஆம், தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம்தான். இவற்றுக்கு எந்த மெட்டும் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. இன்று ஆயிரக்கணக்கானோர் விழா மைதானங்களில் கைதட்டிப் பாடும் மெட்டு, ஔகென்வைடே குழு 1970களில் போட்டது. அதை ஆயிரம் ஆண்டுப் பழைய மெட்டு என்று நம்பும் ஜெர்மானியர்களை நான் நேரில் சந்தித்திருக்கிறேன். திருத்தப் போனால் முகம் சுருங்கிவிடும், இப்போது விட்டுவிடுகிறேன்.

நண்பர் அந்தக் காணொளியில் கேட்டது 'ஹெர் மான்னெலிக்' என்ற ஸ்வீடன் கதைப்பாடல். மலைப்பெண் பூதம் ஒருத்தி ஓர் இளவீரனிடம் தன்னை மணந்துகொள்ளச் சொல்லி, குதிரைகள், ஆலைகள், வாள் என்று சீர்வரிசை அடுக்குவாள். நீ கிறிஸ்துவப் பெண் இல்லையே என்று அவன் மறுத்துவிடுவான். கேட்டால் 14ஆம் நூற்றாண்டு மணக்கும். அச்சில் முதலில் வந்தது 1877இல். அதற்கு முன்பே மக்கள் வாயில் இருந்திருக்கும் என்பது நியாயமான எண்ணம். எத்தனை தலைமுறை என்பதற்கு ஆதாரம் கிடையாது. இதைவிடப் பெரிய வேடிக்கை இன் எக்ஸ்ட்ரீமோவின் 2003ஆம் ஆண்டுப் பாடலான 'ஸ்ட்ராபெரி வாய்'. 15ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் கவிஞன், திருடன், ஊர் நாடோடி பிரான்சுவா வியோன் எழுதியது என்று அந்தக் கவிதையைப் பலரும் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அது பால் செக் என்ற ஜெர்மன் எழுத்தாளரின் வேலை. வியோனின் கவிதைகளைத் தன் போக்கில் மாற்றி எழுதி 1931இல் ஒரு நூலாக வெளியிட்டார். இந்தக் கவிதை வியோனிடம் இல்லவே இல்லை. நடிகர் கிளவுஸ் கின்ஸ்கி மேடையில் முழங்கியதால் ஜெர்மனி முழுக்கப் பரவியது. எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. நல்ல கவிதை. நாஜிகளிடமிருந்து தப்பி அர்ஜென்டினா போய் அங்கேயே இறந்துபோன ஒரு மனிதர், வியோனின் முகமூடிக்குள் இருந்துகொண்டு எழுதியது. பாணர்களின் மரபில் அதற்கு இடமில்லை என்றால் வேறெதற்கு இடம்?

இனி ஒலிக்கு வருகிறேன். இங்கே எனக்குத் தயக்கம் குறைவு.

மெட்டல் கித்தாரின் அடிப்படை பவர் கார்ட். நம் பாஷையில் அது ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம்; காந்தாரம் கிடையாது. ஏன் காந்தாரத்தைத் தவிர்க்கிறார்கள் என்றால், டிஸ்டார்ஷன் போட்ட, அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்கும் ஒலிபெருக்கி, இரண்டு சுரங்களைச் சேர்த்து நுழைத்தால் அவற்றின் கூட்டல், கழித்தல் அதிர்வுகளையும் சேர்த்து உமிழும். கித்தாரின் ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸ். அதன் பஞ்சமம் 165. வித்தியாசம் 55, அதாவது அதே ஷட்ஜம் ஒரு ஸ்தாயி கீழே. யாரும் வாசிக்காத ஒரு கீழ் ஷட்ஜத்தை ஒலிபெருக்கியே தந்துவிடுகிறது. அந்த நெஞ்சில் அடிக்கும் கனம் அதிலிருந்துதான் வருகிறது. காந்தாரத்தைச் சேர்த்தால் 110க்கும் 138.6க்கும் வித்தியாசம் 28.6, எதோடும் சேராத ஒரு சுரம். பெருகப் பெருகச் சேறாகிவிடும்.

இப்போது பேக்பைப்பைப் பாருங்கள். வாசிப்புக் குழலுக்குப் பக்கத்தில் ஒத்துக் குழல்கள் இருக்கின்றன. நாகசுரத்துக்கு ஒத்து போலவே அவை விடாமல் ஷட்ஜத்தைப் பிடித்து நிற்கும். சிலவற்றில் பஞ்சமமும் உண்டு. அதாவது பேக்பைப்பின் அடித்தளமும் பவர் கார்டின் அடித்தளமும் ஒன்றே. இன்னொரு நுட்பமும் உண்டு. பேக்பைப்காரர் தன் ஒத்தோடு இழையும்படி சுரங்களைச் சேர்த்துக்கொள்வார். அவருடைய சாதாரண காந்தாரம் கித்தாரின் கட்டையில் இருக்கும் அதே காந்தாரத்தைவிடச் சற்று உயரமாக நிற்கும். கித்தாரும் காந்தாரத்தைப் பிடித்தால் இரண்டும் உரசும். கித்தாரில் காந்தாரமே இல்லை என்பதால் அந்த இடத்தில் பேக்பைப் தனிக்காட்டு ராஜா. இரண்டு கருவிகளையும் வடிவமைத்தவர்கள் ஒருவரையொருவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. சுமார் 900ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட 'மூசிகா என்கிரியாடிஸ்' என்ற லத்தீன் இசைக் கையேடு, ஒரு மெட்டை இன்னொரு குரல் பஞ்சமத்திலோ மத்தியமத்திலோ அப்படியே நிழல்போலத் தொடர்ந்து பாடும் முறையை விவரிக்கிறது. பிற்கால ஐரோப்பிய இசை இலக்கணம் இப்படிப் பஞ்சமங்கள் இணையாக நகர்வதைத் தடை செய்தது. இன்றும் இசைக் கல்லூரி மாணவர்களுக்கு அதற்காக மதிப்பெண் போகும். கித்தார்காரர் பவர் கார்டைப் பிடித்த விரல் பிடியிலேயே தந்திக்கட்டை நெடுக ஏறி இறங்கும்போது நடப்பது அந்தப் பழைய முறைதான். ஆகவே அந்த மேடையில் இடைக்காலத்துக்கு மிக நெருக்கமான பழக்கம் எது என்று என்னைக் கேட்டால், கறுப்பு டிஷர்ட் போட்டு ஓரமாக நிற்கும் கித்தார்காரரைக் கைகாட்டுவேன். அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

நடைமுறைச் சிக்கல்கள் நிறைய. பேக்பைப்பில் மெல்ல வாசிப்பது என்ற பேச்சே இல்லை. ஊதினால் ஒரே அளவு, ஒரு மீட்டர் தூரத்தில் நூறு டெசிபலைத் தாண்டும். சீவாளி குழலுக்குள் மறைந்திருப்பதால் நாக்கு அதைத் தொட முடியாது. நாகசுரத்தில் துத்துகாரத்தால் செய்வதை இங்கே விரலால்தான் செய்ய வேண்டும்: ஒரே சுரம் இரண்டு முறை வர வேண்டுமென்றால் நடுவே கண்ணிமைக்கும் நேரத்துக்கு இன்னொரு சுரத்தைத் தட்டிவிட்டுத் திரும்புவார்கள். அந்தத் தெறிப்புகள்தான் கித்தாரின் வெட்டு வெட்டான ரிஃப்புகளோடு (திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்குகளோடு) பல்சக்கரம் போலப் பொருந்துகின்றன. பாடகர் பாடும்போது பேக்பைப் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது இங்கிதம் அல்ல. மனிதக் குரலின் சொற்கள் தெளிவாகும் அதே அதிர்வெண் பகுதியில்தான் பேக்பைப்பும் கத்துகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு சொல் புரியாது. பாட்டின் முகப்பிலும் இடையிசையிலும் பேக்பைப், சரணத்தில் குரல் என்ற அமைப்பு இந்த இசைவகை முழுவதையும் உருவாக்கியிருக்கிறது. என் தொடக்க காலத்தில் ஒரு குழுவுக்கு இரண்டையும் ஒன்றாகக் கேட்கவைக்கிறேன் என்று பேக்பைப்பின் நடு அதிர்வெண்களைச் சமன்படுத்தியில் (ஈக்வலைசரில்) வெட்டித் தள்ளினேன். விளைவு, கொசு ரீங்காரம். நிகழ்ச்சிக்குப் பின் பேக்பைப்காரர் என்னோடு பேசவில்லை.

ஒத்து இன்னொரு தொல்லை. பெரும்பாலான சந்தைப் பேக்பைப்புகளின் ஷட்ஜம் மேற்கத்தியப் பெயரில் 'ஏ'. கித்தார் 'ஏ'யிலிருந்து 'டி'க்கு நகர்ந்தால் ஒத்து பஞ்சமமாகிவிடும், 'எஃப்'க்கு நகர்ந்தால் காந்தாரமாகிவிடும்; அதுவரை சரி. அதற்கு அப்பால் போனால் உறுத்தும். அதனால் பலர் மேடையில் ஒத்துக் குழல்களைத் தக்கை வைத்து அடைத்துவிடுவார்கள். பார்வைக்கு மூன்று குழல், ஒலிப்பது ஒன்று. ஒன்பது சுரங்களுக்குள் மெட்டு அடங்க வேண்டும் என்பதால் பல பாடல்கள் ஒன்றுபோலவே தோன்றுவதும் உண்மை. இந்த வகையின் மீதான மிக நியாயமான குற்றச்சாட்டு அதுதான் என்பேன். திறந்தவெளியில் அந்தி குளிரத் தொடங்கினால் குழலின் சுருதி இறங்கும். கித்தார்காரரிடம் மின்சுருதிமானி இருக்கிறது, இவரிடம் துளையில் ஒட்டும் பிசின் நாடாதான் இருக்கிறது. பிளாஸ்டிக் சீவாளி வந்தபின் பாதிக் கவலை குறைந்தது. இரண்டு மூன்று பேக்பைப்புகள் சேர்ந்து ஊதும்போது மிகச் சிறிய சுருதி வேறுபாட்டால் ஒலி அலையலையாகத் துடிக்கும். அதைக் குறை என்று நினைக்காமல் தடிமனாக மாற்றிக்கொண்டதுதான் இன் எக்ஸ்ட்ரீமோவின் கெட்டிக்காரத்தனம்.

ஹர்டி கர்டி பற்றி ஒரு வார்த்தை. கைப்பிடியைச் சுழற்றினால் பிசின் தடவிய மரச்சக்கரம் தந்திகளை உரசும். விசைகள் மெட்டை வாசிக்கும். ஒரு தந்தி மட்டும் தளர்வான ஒரு குதிரையின் (தந்தியைத் தாங்கும் சிறு கட்டையின்) மேல் ஓடும். மணிக்கட்டைச் சுண்டினால் அந்தக் குதிரை பெட்டியின் மேல் துடித்து 'ஜர்ர்' என்று சீறும். மின்சாரத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மனிதர்கள் வேண்டுமென்றே செய்துகொண்ட டிஸ்டார்ஷன் அது. இதன் மூத்த வடிவத்தை ஸ்பெயினின் சாந்தியாகோ பேராலய வாயிலில் 1188ஆம் ஆண்டையொட்டிய சிற்பத்தில் பார்க்கலாம். இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும் நீளமான கருவி. ஆனால் அந்தச் சீறும் குதிரை அதில் இல்லை. அது இடைக்காலத்தின் கடைசிப் பகுதியில்தான் ஓவியங்களில் தலைகாட்டுகிறது. மேடையில் அதன் வெற்றுப் பெட்டி ஒலிபெருக்கியின் ஓசையைப் பிடித்துத் திரும்ப ஊளையிடும் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு அது தலைவலி.

மற்ற கருவிகளில் வேடிக்கை குறைவில்லை. சந்தைகளில் அடிக்கப்படும் பெருமுரசு பெரும்பாலும் துருக்கிய, பால்கன் நாடுகளின் தாவுல். தந்திக் கருவிகளில் அயர்லாந்தில் மாற்றியமைத்த கிரேக்க புசூக்கி. விசைவைத்த வில்கருவி ஸ்வீடனுடையது. இப்படியொரு கூட்டணி எந்த இடைக்கால ஊரிலும் கூடியிருக்காது.

ஆகவே நண்பரின் முதல் கேள்விக்கு என் பதில்: சில சொற்கள் பழையவை, மிகச் சில மெட்டுகள் பழையவை, கருவிகளின் தோற்றம் பழையது, ஒலி 1980களுடையது. அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது ஆண்டுகளில் அதற்கென்று கைவினைஞர்கள், விரல் முறைகள், ஊர் ஊராகப் போகும் சந்தைகள், தந்தையிடம் கற்ற மகள்கள் எல்லாம் உருவாகிவிட்டார்கள். இடைக்காலம் எப்படி ஒலித்திருக்கும் என்று அறிய ஆசையிருந்தால் 1977இல் தொடங்கிய செக்வென்சியா போன்ற ஆய்வுக் குழுக்களைக் கேளுங்கள். அவர்களும் ஊகிக்கிறார்கள், ஆனால் எங்கே ஊகிக்கிறோம் என்று சொல்லிவிட்டு ஊகிப்பார்கள்.

கேட்டுப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். முதலில் ஔகென்வைடேயின் மெர்செபுர்க் மந்திரத்தையும், உடனே இன் எக்ஸ்ட்ரீமோ 1999இல் வாசித்ததையும் கேளுங்கள். மெட்டு அப்படியே இருக்கும், எடை மட்டும் மாறியிருக்கும். பிறகு சப்வே டு சாலியின் அதே ஆண்டு இசைத்தட்டான 'கல்யாண'த்தைக் காதில் மாட்டும் ஒலிபெருக்கியில் கேட்டு, பாடகர் வாய் திறக்கும் நொடியில் குழல் எங்கே போகிறது என்று கவனியுங்கள். கித்தார் இருந்தால் ஆறாம் தந்தியை 'டி'க்கு இறக்கி, கீழ் மூன்று தந்திகளையும் ஒரே விரலால் அழுத்தி, யாரையாவது 'ஏ' சுரத்தில் விடாமல் முனகச் சொல்லுங்கள். தோலாடை தேவைப்படாது.